நான் சொன்னதில் பொய் இல்லை

அன்றைக்கு நான் சொன்ன எதிலும் பொய் இல்லை. யார் கேட்டாலும் ஆதாரத்தை எடுத்து நீட்டுவேன். இருந்தும் அந்தப் பேச்சு மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பிளாட் வீடு. அங்கிளுக்கு எம்.என்.டி., தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழந்துகொண்டே போகும் நோய். கை கால் போய், பேச்சும் போய், கண் மட்டும் சொன்னபடி கேட்கிறது. பேச்சு சிகிச்சை கொடுக்கப் போகும் நான் எழுத்துப் பலகையை வைத்துத்தான் அவரோடு பேசுவேன். 247 எழுத்தையும் ஒரே அட்டையில் அடைத்தால் தேடியே கண் சோர்ந்துவிடும். அதனால் மெய் தனியாக, உயிர் தனியாக எழுதியிருந்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்பேன். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை.

தொண்டையில் துளை போட்டு வென்டிலேட்டர் வைப்பது பற்றி டாக்டர் அப்போதுதான் பேச்சை எடுத்திருந்தார். மகன் மனதளவில் முடிவே செய்துவிட்டான். டியூப் போட்டு இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடித்தால் மூளையில் பொருத்தும் சிப் வந்துவிடும், அதை வைத்து அப்பா பேசுவார் என்பது அவன் கணக்கு.

கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள். குறுக்கே நிறுத்தியிருந்த காரை எடுக்கச் சாவியோடு ஓடினான். ஆன்ட்டி அடுக்களையில். அங்கிளின் கண் பலகைக்குப் போனது. நான் எழுத்தாகக் கூட்டினேன்: "சிப் வராதுன்னு சொல்."

"தம்பிகிட்டயா?" மேலே பார்த்தார். "பைப் வேணாமா அங்கிள்?" மேலே பார்த்தார், வெகு நேரம். "நீங்களே சொல்லலாமே, நான் பலகையப் பிடிக்கிறேன்." கீழே.

மகன் திரும்பி வந்து, "அப்பா என்ன சொன்னாரு?" என்றான். "சும்மாதான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றேன். (இதை நான் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்ப்பவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.)

பிறகு அவனே கேட்டான். "அக்கா, அந்தச் சிப் நம்ம பக்கம் எப்ப வரும்?"

சொன்னேன். 2024 ஜனவரியில் நியூராலிங்க் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் சிப்பை முதன்முதலில் பொருத்தியது கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞருக்கு. ஆனால் அவருக்கு வாய்ப்பேச்சு இருந்தது. சிப் கம்ப்யூட்டரில் கர்சரை நகர்த்தத்தான். சில வாரத்திலேயே மூளைக்குள் விட்ட நூலிழைகளில் பல பின்வாங்கிவிட்டன, மென்பொருளைத் திருத்திச் சமாளித்தார்கள். பேச்சுக்கான கருவிகள் எல்லாம் ஆய்வுக்கட்டம். மண்டையோட்டைத் திறக்க வேண்டும், ஆய்வுக் குழு பக்கத்திலேயே இருக்க வேண்டும். கண்ணைக்கூட அசைக்க முடியாத நிலைக்குப் போன ஒரு ஜெர்மன் நோயாளி பற்றி 2022இல் கட்டுரை வந்தது, மூளையில் கருவி பொருத்தியும் அவரால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஓர் எழுத்துதான் முடிந்தது. "அத நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க தம்பி."

எல்லாம் உண்மை. அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் விட்டது இது. கலிபோர்னியாவில், டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வில், 2023இல் ஒருவருக்கு 256 மின்முனைகள் பொருத்தினார்கள். அங்கிளுக்கு இருக்கும் அதே நோய். பேச முயலும்போது மூளையில் எழும் மின் சமிக்ஞைகளிலிருந்து சொற்களைப் பிடித்து, நோய்க்கு முன் பதிவான அவர் குரலைக் கொண்டு செய்த குரலிலேயே ஒலிக்கவைத்தார்கள். 1,25,000 சொற்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி. ஆங்கிலத்தில்தான், ஒரே ஒருவருக்குத்தான். ஆனாலும் அந்தப் பையன் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த ஜெர்மன் நோயாளியின் வேகத்தைச் சொன்ன நான், நிமிஷத்துக்கு ஓர் எழுத்தாகக் கூட்டி அவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. தன் சின்ன மகன் மேல் உள்ள பாசத்தையும் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்.

எதைச் சொல்வது, எதை விடுவது என்று உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. வாய் தானாகவே பொறுக்கி எடுத்துக்கொண்டது. பேச முடியாதவர்களின் பேச்சை வெளியே கொண்டுவருவதுதானே என் வேலை, அவர் கேட்டதைத்தானே செய்தேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அடுத்த நிமிஷமே இடிக்கும். அவர் தன் பேச்சைக் கொண்டுபோகச் சொல்லவில்லை; என் பேச்சாக ஒன்றைச் சொல்லச் சொன்னார். "பைப் வேண்டாம்" என்றால் ஆறு எழுத்து. அதைவிட நீளமாக என்னிடம் எழுதினார். எழுத்து இல்லாமலா மகனிடம் சொல்லவில்லை? தலைக்குள் எத்தனை மின்முனை வைத்தாலும் அந்தப் பையன் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளில் நன்றாகப் பேச்சு வருகிற அப்பாக்களே சொல்வதில்லை.

ஒன்று மட்டும் முறைப்படி செய்தேன். அவரைத் தனியாகக் கேளுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். கேட்டார். டியூப் வேண்டாம் என்று அங்கிள் திட்டவட்டமாகத் தெரிவித்து, பதிவாகியும் விட்டது. ராத்திரி மூச்சுக்கு உதவும் மாஸ்க் மட்டும். அப்படியானால் மகனிடம் நான் அள்ளிக் கொட்டிய விவரமெல்லாம் எதற்கு? அது இல்லாமலே அவர் நினைத்தது நடந்திருக்குமே. ஒருவேளை நடந்திருக்காது, மகன் சண்டை போட்டிருப்பான், ஆன்ட்டி அழுதிருப்பார், அங்கிள் விட்டுக்கொடுத்திருப்பார் என்றும் படுகிறது. டியூப் போட்டிருந்தால் ராத்திரி முழுக்க சளி உறிஞ்சி எடுக்க வேண்டியவர் ஆன்ட்டிதான். அதையும் அவர் நினைத்திருக்கலாம். என்னிடம் அதைச் சொல்லவில்லை.

போன வாரம் மகன் வாட்சப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். டேவிஸ் ஆய்வேதான். "அக்கா, இது அப்பாவுக்கு வந்த அதே நோய்தானே? அன்னிக்கு இதப் பத்திச் சொல்லலையே?"

"ஆமா தம்பி, அதே நோய்தான்" என்று முதல் கேள்விக்கு மட்டும் பதில் போட்டேன். நீலக் குறி விழுந்தது, மறுபடி ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமை நான் போகிற நேரத்துக்கு அவன் லீவு போட்டிருக்கிறானாம், ஆன்ட்டி போனில் சொன்னார்.