எஃப் எண்ணைப் பார்த்து ஐபீஸ் வாங்குங்கள்

114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட சிறு தொலைநோக்கிகளின் பெட்டியில் "675 மடங்கு" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கணக்கு சரிதான். 900-ஐ 4 மி.மீ. ஐபீஸால், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் குழலின் குவியத் தூரத்தால், வகுத்தால் 225, அதோடு உருப்பெருக்கத்தைக் கூட்டும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸைப் போட்டால் 675. ஆனால் அந்த 675-இல் தெரிவது மங்கலான, நடுங்குகிற ஒரு பழுப்புத் திட்டு. வியாழன் எது, சனி எது என்றே சொல்ல முடியாது. புதிதாக வானம் பார்க்க வந்தவர் பலர் தொலைநோக்கியை மூட்டைகட்டி வைப்பது இந்த இடத்தில்தான். அநேகமாகத் தொலைநோக்கியின் மீது குற்றமே இருக்காது, ஐபீஸ்தான் தவறு.

ஐபீஸ் தேர்வைத் தொடங்க வேண்டியது குழாயில் ஒட்டியிருக்கும் சீட்டிலிருந்து. அதில் விட்டமும் குவியத் தூரமும் இருக்கும். குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 130/650 என்றால் எஃப் 5. 150/1200 என்றால் எஃப் 8. 70/700 என்றால் எஃப் 10. உருப்பெருக்கத்தைவிட இந்த எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். ஐபீஸிலிருந்து ஒளி ஒரு சிறு வட்டக் கற்றையாக வெளியே வந்து கண்ணுக்குள் போகிறது. எக்ஸிட் பியூப்பில் என்பார்கள், இங்கே ஒளிவட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஐபீஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். எஃப் 5 தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 5 மி.மீ. வட்டம். 5 மி.மீ. ஐபீஸ் போட்டால் 1 மி.மீ. வட்டம். ஒரு பொருள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும், விவரம் எப்போது கரைந்து போகும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்த அளவுதான்.

4 முதல் 6 மி.மீ. வரை அகன்ற, வெளிச்சமான காட்சி. கார்த்திகைக் கூட்டம், ஓரியன் நெபுலா, ஆண்ட்ரோமேடா போன்ற பரந்த பொருள்களுக்கும், பொருளைத் தேடிப் பிடிப்பதற்கும் இதுதான். 2 மி.மீ. அளவு விண்மீன் திரள்களுக்கும் உருண்டைக் கொத்துகளுக்கும் மிக இதமானது. வானத்தின் பின்னணி போதுமான அளவு கறுக்கும், பொருள் போதுமான அளவு பெருக்கும். 1 மி.மீ. வந்தால் நிலாவும் கோள்களும். அமைதியான இரவில் 0.7 வரை போகலாம். 0.5-க்குக் கீழே போனால் காட்சி இருண்டு குழைந்துவிடும், கண்ணுக்குள் மிதக்கும் தூசுகள்கூடக் கோளின் மேல் நீந்துவது போலத் தெரியும். மேல்பக்க எல்லை 7 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி விரிவது ஏறக்குறைய அவ்வளவுதான், வயது கூடக் கூட அதுவும் குறையும். அதற்கு மேல் வரும் ஒளி கருவிழியில் விழுந்து வீணாகும்.

இதிலிருந்து ஒரு நேர்வழி கிடைக்கிறது. உங்கள் எஃப் எண் எதுவோ அதே மில்லிமீட்டர் ஐபீஸ் 1 மி.மீ. ஒளிவட்டம் தரும். அப்போதைய உருப்பெருக்கம் தொலைநோக்கியின் விட்டத்துக்குச் சமமாக இருக்கும். 150/1200-க்கு 8 மி.மீ. ஐபீஸ், 150 மடங்கு. 130/650-க்கு 5 மி.மீ. ஐபீஸ், 130 மடங்கு. 70/700-க்கு 10 மி.மீ. ஐபீஸ், 70 மடங்கு. உச்ச எல்லை இதன் இரு மடங்கு. அந்த எல்லையையும் எட்டவிடாமல் காற்று தடுக்கும் இரவுகளே அதிகம். நட்சத்திரங்கள் பட்பட்டென்று மின்னினால், அல்லது பகல் வெயிலில் காய்ந்த கூரைக்கு மேலே கோள் நின்றால், எந்த விலையுயர்ந்த ஐபீஸும் உதவாது. உருப்பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது பெட்டியோடு வந்ததைப் பார்ப்போம். ஐபீஸின் மேல் H என்று பொறித்திருந்தால் ஹைகன்ஸ், SR என்றிருந்தால் ராம்ஸ்டன் வகை. இரண்டும் மிகப் பழைய, எளிய வடிவங்கள். பார்வைப் புலம் குறுகலாக இருக்கும், எஃப் எண் சிறியதாக இருந்தால் ஓரமெல்லாம் வண்ணம் பிரியும். குறிப்பாக SR4 என்கிற 4 மி.மீ. ஐபீஸின் துளை குண்டூசித் தலை அளவுதான், இமை அதில் இடித்துக்கொண்டே இருக்கும். அதோடு வரும் பிளாஸ்டிக் மூன்று மடங்கு பார்லோவையும், 1.5 மடங்கு நிமிர்த்திக் காட்டும் குழாயையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். 20 அல்லது 25 மி.மீ. ஐபீஸ் பெரும்பாலும் பயன்படக் கூடியதே, அதை உடனே மாற்றத் தேவையில்லை. 10 மி.மீ. தான் பெரும்பாலான பெட்டிகளில் பலவீனம்.

வாங்குவதற்கு முன் ஃபோகஸரின், அதாவது ஐபீஸைச் செருகும் பகுதியின், துளையை அளந்து பாருங்கள். இன்றைய வழக்கமான அளவு 1.25 அங்குலம், அதாவது 31.7 மி.மீ. பழைய அல்லது மிக மலிவான கருவிகளில் 24.5 மி.மீ. துளை இருக்கும். அந்த அளவில் நல்ல ஐபீஸ்கள் இன்று அரிது, எனவே 1.25 அங்குலத்துக்கு மாற்றும் அடாப்டர் வாங்குவது மேல். 2 அங்குல ஐபீஸ்கள் அகன்ற காட்சிக்கு அருமையானவை. ஆனால் எடையும் விலையும் கூடும். சிறு குழாயின் சமநிலையும் குலைந்து ஐபீஸ் பக்கம் சாயும்.

முதல் மாற்று ஐபீஸாகப் ப்ளோசல் வகையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். வியன்னாவைச் சேர்ந்த கியோர்க் சைமன் ப்ளோசல் 1860-இல் வடிவமைத்தது. இரண்டு இரட்டை லென்ஸ்கள், ஏறக்குறைய 50 டிகிரி தோற்றப் புலம், அதாவது கண்ணுக்குத் தெரியும் காட்சி வட்டத்தின் அகலம். 1.25 அங்குலக் குழலில் காட்டக் கூடிய அதிகபட்ச வானப் பரப்பை 32 மி.மீ. ப்ளோசல் காட்டிவிடுகிறது. அதன் உள்வளையம் ஏறத்தாழ 27 மி.மீ. இதைத் தொலைநோக்கியின் குவியத் தூரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் தெரியும் வானத்தின் அகலம் டிகிரியில் வரும். 650 மி.மீ. குழாயில் 2.4 டிகிரி, கார்த்திகைக் கூட்டம் முழுதும் அடங்கும். 1200 மி.மீ. குழாயில் 1.3 டிகிரி, இரண்டரை நிலாவை வரிசையாக வைக்கும் அகலம். 40 மி.மீ. ப்ளோசல் வாங்கினால் இன்னும் அகலமாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. தெரியாது. குழலின் அகலம் தடுப்பதால் அதே வானப் பரப்புதான், அதையும் நீண்ட குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போல 43 டிகிரியில் காட்டும். எஃப் 5-இல் 8 மி.மீ. ஒளிவட்டமாகி வெளிச்சமும் வீணாகும். அங்கே 32-கூட 6.4 வரை போகிறது, 25 மி.மீ. போதும்.

ப்ளோசலின் குறை சிறிய அளவுகளில் வெளிப்படும். ஐபீஸுக்கும் கண்ணுக்கும் இடையே விட வேண்டிய தூரத்தை ஐ ரிலீஃப் என்கிறோம். ப்ளோசலில் அது குவியத் தூரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம். 25 மி.மீ. ஐபீஸில் வசதியாக இருக்கும், 10-இல் 7 மி.மீ. ஆகும், 6-இல் 4 மி.மீ. ஆகி இமைமயிர் லென்ஸைத் துடைக்கும். எனவே 10-க்குக் கீழே போகும்போது வேறு வடிவத்துக்கு மாறுங்கள். விலை கட்டுப்படியாகும் வரிசையில் 66 டிகிரி புலத்தோடு 6, 9, 15, 20 மி.மீ. அளவுகளில் வரும் 'கோல்டு லைன்' ஐபீஸ்கள் இருக்கின்றன. அவற்றில் 6-உம் 9-உம் நன்றாகவே இருக்கும். 15-உம் 20-உம் எஃப் 5 போன்ற எஃப் எண் சிறிய குழாய்களில் ஓரத்து விண்மீன்களைப் பறவை சிறகு விரித்தது போல இழுத்துவிடும். எஃப் 8, எஃப் 10 குழாய்கள் இந்த விஷயத்தில் மன்னிக்கும் குணம் கொண்டவை, சாதாரண ஐபீஸும் அங்கே ஓரம் வரை தெளிவாக நிற்கும்.

அகன்ற புலம் வெறும் ஆடம்பரம் அல்ல, மோட்டார் இல்லாமல் கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு நேரடிப் பயன் உண்டு. வானம் ஒரு நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது (3600 வில்நொடி ஒரு டிகிரி). 200 மடங்கில் 52 டிகிரி ஐபீஸைக் கோள் கடந்து போக ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். 66 டிகிரியில் 80 நொடி, 82 டிகிரியில் 100 நொடிக்கு அருகே. ஒவ்வொரு முறை குழாயைத் தள்ளிய பிறகும் நடுக்கம் அடங்க மூன்று நான்கு நொடி போகும் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கு ஓய்வாகவே உணரப்படும்.

கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு குறிப்பு. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பினாலே போதும். சிலிண்டர் பவர் இருந்தால்தான் கண்ணாடி வேண்டும். அதுவும் ஒளிவட்டம் 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கினால் பெரும்பாலும் தேவைப்படாது. ஆகவே சிலிண்டர் பவர் உள்ளவர்கள் குறைந்த உருப்பெருக்க ஐபீஸைத்தான் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஐ ரிலீஃப் 16 முதல் 20 மி.மீ. இருக்கட்டும்.

பார்லோ லென்ஸ் நல்லதா என்று கேட்டால், இரண்டு மடங்கு, முழுக் கண்ணாடி லென்ஸ், உலோகக் குழல் என்றால் நல்லது. ஐபீஸின் ஐ ரிலீஃபைக் குறைக்காமல் பெருக்கும். எஃப் 5-ஐ எஃப் 10 ஆக்குவதால் சாதாரண ஐபீஸின் ஓரமும் தெளியும். ஆனால் அளவுகளைப் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும். 20-உம் 10-உம் வைத்துக்கொண்டு பார்லோ வாங்கினால் 20 பாதியாகி மறுபடி 10 தான் வரும், ஒன்று வீண். 32-உம் 12-உம் இருந்தால் 32, 16, 12, 6 என்று நான்கும் தனித்தனியாகக் கிடைக்கும். பல பார்லோக்களில் அடியிலுள்ள லென்ஸ் பகுதியை மட்டும் கழற்றி ஐபீஸின் அடி மரையில் திருகலாம், அப்போது ஏறக்குறைய 1.5 மடங்கு. 8-24 ஜூம் ஐபீஸும் ஒரு வழிதான். ஆனால் 24 முனையில் புலம் 40 டிகிரி அளவுக்குக் குறுகிவிடும், அகன்ற காட்சிக்குத் தனி ஐபீஸ் வேண்டியிருக்கும்.

ஆக வரிசை இப்படி. முதலில் எஃப் எண்ணை நான்கு அல்லது ஐந்தால் பெருக்கி ஓர் அகன்ற ஐபீஸ், அது பெட்டியிலேயே இருக்கலாம். அடுத்து எஃப் எண்ணுக்கு நெருக்கமான ஒன்று. சில மாதம் அவற்றோடு பார்த்த பிறகு, கோள்கள் இழுக்கின்றனவா நெபுலாக்கள் இழுக்கின்றனவா என்று தெரிந்தபின் மூன்றாவது. ஆறு ஏழு ஐபீஸ் கொண்ட அலுமினியப் பெட்டித் தொகுப்புகளை வாங்காதீர்கள். அதில் பாதி உங்கள் குழாய்க்குப் பொருந்தாத அளவு, கூடவே பயன்படாத வண்ண ஃபில்டர்கள்.

ஃபில்டர் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஐபீஸின் அடியில் திருகும் 'சன்' என்று எழுதிய கரும்பச்சைக் கண்ணாடி ஏதாவது வந்திருந்தால் இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரிய ஒளி குவிந்து விழும் இடத்தில் அது இருக்கிறது. சூட்டில் விரிசல் விடும், விட்ட கணத்தில் கண் போகும். சூரியனைப் பார்க்கத் தொலைநோக்கியின் முன்வாயை முழுதாக மூடும் ஃபில்டர் மட்டுமே, ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடுவது. காற்றில் கழன்றுவிடாதபடி ஒட்டுநாடாவால் இறுக்குங்கள், குறிபார்க்க உதவும் சிறு துணைக்கருவியான ஃபைண்டரையும் மூடி வையுங்கள்.

நிலா ஃபில்டர் தேவையே இல்லை. நிலா கண் கூசினால் உருப்பெருக்கத்தைக் கூட்டுங்கள், அல்லது அறை விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். நெபுலாக்களுக்கான யூஎச்சி, ஆக்சிஜன்-3 ஃபில்டர்கள் உண்மையாகவே வேலை செய்யும். 496, 501 நானோமீட்டரில் ஒளிரும் வாயுவின் ஒளியை உள்ளே விட்டு மற்றதை இருட்டாக்குகின்றன. ஆனால் விண்மீன் திரள்களுக்கும் கொத்துகளுக்கும் அவை உதவாது, அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருக்கிறது. சோடியம் விளக்குக் காலத்தில் செய்த ஒளிமாசு ஃபில்டர்கள் வெள்ளை எல்இடி விளக்குகளுக்கு முன் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

ஐபீஸுக்குச் செலவிடுவதற்கு முன்பே ஃபைண்டரைச் சரிபாருங்கள். எதையும் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பகலில் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கோபுர உச்சியை 25 மி.மீ. ஐபீஸின் நடுவில் நிறுத்தி, ஃபைண்டரின் புள்ளியை அதே உச்சிக்குத் திருகிக் கொண்டுவாருங்கள். பிறகு அதிக உருப்பெருக்கத்தில் ஒருமுறை. சிவப்புப் புள்ளி ஃபைண்டரை அணைக்க மறந்தால் பட்டன் பேட்டரி தீர்ந்துவிடும், உபரியாக ஒன்று பெட்டியில் இருக்கட்டும். லென்ஸ் தொலைநோக்கிக்கு 45 டிகிரி நிமிர்த்திக் காட்டும் டயகனல், அதாவது ஒளியைத் திருப்பி ஐபீஸுக்கு அனுப்பும் துண்டு, வந்திருந்தால் அது பகல் பார்வைக்கானது. பிரகாசமான கோளின் குறுக்கே ஒரு கோடு இழுக்கும், உச்சி வானம் பார்க்கக் கழுத்து வலிக்கும். 90 டிகிரி டயகனல் நல்ல முதலீடு.

நியூட்டன் வகைக் கண்ணாடித் தொலைநோக்கி என்றால் கண்ணாடிகளை நேர்ப்படுத்தும் கொலிமேஷன் கருவியை மூன்றாவது ஐபீஸுக்கு முன்பே வாங்க வேண்டும். கண் வைத்துப் பார்த்து நேர்ப்படுத்தும் எளிய செஷயர் குழல் போதும். குழாயைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், திருப்புளி நழுவினாலும் கண்ணாடி மேல் விழாது. முதலில் சிறு கண்ணாடியின் மூன்று திருகுகளால் பெரிய கண்ணாடியின் மையக் குறியை நடுவுக்குக் கொண்டுவந்து, பின்புறப் பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, பெரிய கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். லேசர் வாங்கினால், அதை ஒரு V வடிவப் பள்ளத்தில் வைத்து உருட்டிப் பாருங்கள். எதிர்ச்சுவரில் புள்ளி வட்டம் போட்டால் லேசரே கோணலாக இருக்கிறது.

பனி ஈரம் லென்ஸில் படிந்தால் துடைக்காதீர்கள், வெதுவெதுப்பான காற்றால் தானே உலரட்டும். குழாய் வாயில் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கறுப்பு ஃபோம் பாயைச் சுருட்டிப் போட்டால் ஈரம் படிவதே வெகுவாகக் குறையும். ஐபீஸில் தூசு என்றால் ரப்பர் குமிழால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை. விரல்ரேகைக்கு மட்டும் லென்ஸ் திரவம், அதையும் காகிதத்தில் நனைத்தே. கண்ணாடி மேல் நேரே சொட்டினால் திரவம் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். இரவு முடிந்ததும் ஈரத்தோடு மூடியைப் போடாமல், அறையில் ஒரு மணி நேரம் திறந்து உலரவிட்டு மூடி வையுங்கள். ஈரம் அடைபட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சை அரித்துவிட்டால் அந்தக் கறை போகாது.