டர்பன் ஊருக்குள் டீசல் பக்கி: மைலேஜ் எங்கே போகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஊருக்குள் ஓடும் டீசல் பக்கி, அதாவது பின்னால் சாமான் ஏற்றுகிற பிக்கப் வண்டி, எவ்வளவு குடிக்கும் என்பதை முடிவு செய்வது பிரேக்தான். ஆக்சிலேட்டரைப் பூப்போல மிதிக்கிறேன் என்று பெருமை பேசுகிறவர்கள்கூட அடுத்த ரோபோட் (டிராஃபிக் லைட்டுக்கு இங்கே அப்படித்தான் பெயர்) சிவப்பாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் கடைசி வரை மிதித்துக்கொண்டே போய் டக்கென்று நிறுத்துவார்கள். அங்கேதான் காசு போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 2 டன் என்று வையுங்கள். நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு அதைக் கொண்டுபோக சுமார் 280 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்கு வந்து சேராது, மற்றதெல்லாம் சூடாகப் போய்விடும். ஆக ஒரு தடவை நின்று கிளம்ப கிட்டத்தட்ட 25 மில்லி. 40 தடவை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி. 80-க்கு ஏற்றிவிட்டு நிறுத்தினால் 25 இல்லை, 45 மில்லி, ஏனென்றால் வேகம் கொஞ்சம் கூடினாலே இந்தக் கணக்கு மடமடவென்று ஏறும். மின்வெட்டு நாள்களில் ரோபோட் எல்லாம் அணைந்து, ஒவ்வொரு சந்திப்பும் நால்வழி ஸ்டாப் ஆகி, எல்லாரும் நின்று நின்று போனபோது டேங்க் ஏன் சீக்கிரம் காலியானது என்று இப்போது புரிகிறதா?

அதனால் நான் பார்ப்பது முன்னால் போகிற வண்டியை இல்லை, அதற்கும் முன்னால் இருக்கிற ரோபோட்டை. சிவப்பு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிடுவேன், கியரிலேயே. எங்கள் மாமா ஒருவர் சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளேர்வுட் காய்கறிச் சந்தைக்கு ஹிக்கின்சன் ஹைவேயில் இறங்கும்போதெல்லாம் நியூட்ரலில் போடுவார். "இஞ்சினுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கணும்டா தம்பி" என்பார். "மாமா, கியர்ல இருந்தாத்தான் டீசலே போகாது" என்றால் நம்பமாட்டார். காமன் ரெயில் டீசல் வண்டிகளில் (டீசலை கம்ப்யூட்டர் அளந்து விடுகிறவை) கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசல் ஊற்றுவதை நிறுத்திவிடும், சக்கரமே இஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள டீசல் குடித்தாக வேண்டும். போதாக்குறைக்கு அந்த இறக்கத்தில் இஞ்சின் பிடிமானமும் இருக்காது, எல்லாச் சுமையும் பிரேக் தலையில்.

ஏற்றத்தில் வேறு கதை. அதே 2 டன்னை 100 மீட்டர் உயரம் ஏற்றவே சுமார் 175 மில்லி செலவாகும், மேடும் பள்ளமுமான டர்பனில் அதைத் தவிர்க்க முடியாது. எடையைத்தான் குறைக்க முடியும். இதில் நம்ம ஆட்கள் மோசம். தைப்பூசக் காவடிக்கு ஏற்றிய அண்டா சித்திரை வரை வண்டியிலேயே கிடக்கும், கூடவே பழைய சிமெண்ட் மூட்டை, யாருக்கோ தருவதாகச் சொன்ன இரும்புக் கேட்டு. 200 கிலோ சும்மா சுமந்தால் ஒவ்வொரு கிளம்பலுக்கும் பத்தில் ஒரு பங்கு கூடுதல்.

அப்புறம், கடல் காற்று இருக்கிற ஊரில் யாரும் சோதிக்காத ஒன்று: பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர்கிற கம்பியில் (ஸ்லைடு பின்) துரு ஏறினால் காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாது. பின்னால் டிரம் பிரேக் இருந்தால் ஹேண்ட்பிரேக் கேபிளும் அப்படியே இறுகும். அதிகம் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, நிறுத்தியதும் ஒவ்வொரு வீலுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். இடது முன்வீலில் அனல் அடித்து வலது முன்வீல் வெதுவெதுப்பாக இருந்தால் சரி, ஆள் பிடிபட்டுவிட்டான். அந்தக் கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கிற கிரீஸைத் தடவினால் போதும், பெரிய செலவு இல்லை. என் வண்டியில் இதைச் செய்து டயர் காற்றையும் சரியாக அடித்த பிறகுதான் 100 கி.மீ.க்கு 11 லிட்டருக்கு மேல் போனது 10-க்குக் கீழே வந்தது. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலி வண்டிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என்று காற்றளவு இரண்டு இருக்கும், அதைப் பார்த்து அடியுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லி வைக்கிறேன். அதைவிட, மிதிக்கும்போது கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் டர்போ காற்று போகிற இன்டர்கூலர் ஹோஸில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவே மாட்டேன் என்கிறதா, தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும், குளிர்ந்த இஞ்சின் கூடுதலாகக் குடிக்கும்.

புது வண்டிகளில் டிபிஎஃப், அதாவது புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், இருக்கும். பள்ளிக்கூடம், கடை, வீடு என்று குட்டிக் குட்டியாகவே ஓட்டினால் அதில் கரி சேர்ந்து, அதை எரிக்க வண்டி தானே கூடுதல் டீசல் ஊற்றும். வீட்டுக்கு வந்து நிறுத்தும்போது ஐட்லிங் வழக்கத்தைவிட ஏறி, ஃபேன் இரைந்தால் அதுதான் நடக்கிறது. பாதியில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்போதைக்கு அப்படியே என்2 நெடுஞ்சாலையில் ஏறி இருபது நிமிடம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள்.

டேங்கில் ஊற்றும் மாய பாட்டில்களுக்கும் வாரண்டியைக் கெடுக்கும் இஞ்சின் ட்யூனிங் சிப்புகளுக்கும் நான் காசு தரமாட்டேன். அந்தக் காசுக்கு விலை விசாரித்து டீசல் போடலாம். இங்கே மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறும்போது பெட்ரோலுக்குத்தான் அரசு சில்லறை விலையை நிர்ணயிக்கிறது. டீசலுக்கு அப்படி இல்லை, ஒரே சாலையில் இரண்டு பெட்ரோல் பங்க்குகளில் இரண்டு விலை பார்க்கலாம். டீசல் நுரைக்கும் என்பதால், மைலேஜ் கணக்கு எடுக்கிறவர்கள் எப்போதும் ஒரே பங்க்கில், முதல் க்ளிக்கிலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.