143 அடி: பேப்பர்ல பாத்து பழகின காரையாறு டேமுக்கு நேர்ல போனேன்

எங்க வீட்ல காலைல பேப்பர் வந்தா அப்பா மொத பாக்குறது அணை நிலவரம்தான். பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, டேம் நிறைஞ்சா எத்தன அடின்னு இந்த மூணு நம்பரும் வாய்ப்பாடு மாதிரி எனக்கு சின்ன வயசுலயே மனப்பாடம், ஏன்னா எங்க வயல் தாமிரபரணியில பிரியுற பாளையங்கால்வாய் பாசனம், ஜூன்ல தொடங்குற கார் நெல் சாகுபடிக்கு தண்ணி விடுவாங்களா மாட்டாங்களான்னு அதுல அன்னைக்கு எத்தன அடி நிக்குதுன்னு வச்சுதான் அப்பா கணக்கு போடுவாங்க. ஆனா இத்தன வருஷத்துல அந்த 143 அடி, அதான் பேப்பர்ல பாபநாசம்னு போடுற காரையாறு டேம், எங்க இருக்குன்னு நான் போய் பாத்ததே இல்ல. அருவியில குளிக்க பாபநாசம் பத்து தடவைக்கு மேல போயிருப்பேன், மேல ஏறினது கிடையாது.

போன ஜூன்ல சித்தப்பா கூட கிளம்பினேன். சித்தப்பா மின்வாரியத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. அப்பாவுக்கு முட்டு வலி, வர முடியல. "போய்ட்டு தண்ணி எங்கன நிக்கின்னு பாத்து சொல்லுல"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினாங்க.

சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை, விக்கிரமசிங்கபுரம்னு போற ரோடு, ரெண்டு பக்கமும் வயலும் வாழையும், எதிர்ல பொதிகை மலை கிட்ட வந்துகிட்டே இருக்கும், அந்த வழிய பத்தி மட்டும் தனியா ஒரு பதிவு எழுதணும். பாபநாசத்துல காரையாறு பஸ் புடிச்சோம். செக்போஸ்ட்ல பையெல்லாம் தொறந்து பாத்தாங்க, அங்கிருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், பிளாஸ்டிக் ஒண்ணும் உள்ள போக கூடாது. இந்த விஷயத்துல எவ்வளவு கண்டிப்பா இருந்தாலும் தப்பில்லன்னு நான் நினைக்கேன், ரெண்டு ஜில்லா குடிக்கிற தண்ணி அங்க இருந்துதான் வருது.

சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் போறப்ப ஆடி அமாவாசைக்கு இங்க குடில் போட்டு தங்குற கூட்டத்த பத்தி சித்தப்பா சொல்லிகிட்டே வந்தாங்க. அன்னைக்கு ஆள் நடமாட்டமே இல்ல, ஆத்து சத்தம் மட்டும்தான்.

டேம் மேல எங்கள விடல, தள்ளி நின்னுதான் பாத்தோம். சுவர விட என் கண்ணு நின்னது தண்ணிக்கு மேல தெரிஞ்ச அந்த செம்மண் பட்டைலதான். மரம் முடியுற எடத்துக்கும் தண்ணி ஆரம்பிக்கிற எடத்துக்கும் நடுவுல, ஒரு புல்லு கூட இல்லாம, மலைய சுத்தி கோடு கிழிச்ச மாதிரி ஒரு மொட்ட வளையம். முழுசா நிறைஞ்சா தண்ணி அந்த மரத்தோட காலடி வரைக்கும் நிக்கும். அப்போ இந்த வெறும் மண்ணுதான் நாங்க பேப்பர்ல படிக்கிற குறைச்சல் அடி! அத பாத்ததும் ஒரு நிமிஷம் பேச்சு வரல எனக்கு, எத்தன வருஷம் அப்பா இந்த மண்ண நினைச்சு தூங்காம இருந்திருப்பாங்க.

அப்பாவுக்கு அத போட்டோ எடுத்து வச்சுகிட்டேன், அனுப்ப சிக்னல் இல்ல.

எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம், சேர்வலாறு நம்பர் எப்பவுமே பாபநாசத்த விட கொஞ்சம் கூடவே இருக்கும், ரெண்டும் சேந்தே ஏறும் சேந்தே இறங்கும். சித்தப்பாகிட்ட கேட்டேன். ரெண்டு அணையையும் மலைக்குள்ள சுரங்கம் போட்டு இணைச்சிருக்காங்க, அதனால தண்ணி பெரும்பாலும் ஒரே மட்டத்துலதான் நிக்கும், அளக்க ஆரம்பிக்கிற அடிதான் ரெண்டுக்கும் வேற வேறன்னாங்க. இவ்வளவுதான் விஷயம், இத முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

இறங்கி வர்றப்ப லோயர் டேம். மேல இருந்து வர்ற தண்ணிய இங்க மறிச்சு பெரிய பெரிய பைப் வழியா மலை சரிவுல கீழ இறக்குறாங்க, அடிவாரத்துல பவர் ஹவுஸ். 1944ல இருந்து ஓடுது, நாலு மெஷின், மொத்தம் 32 மெகாவாட். இன்னைக்கு இருக்குற பெரிய அனல் மின் நிலையத்துக்கு முன்னாடி இது சின்ன நம்பர்தான், ஆனா சித்தப்பா சொன்ன ஒரு விஷயம் மனசுல நின்னுட்டு. வயலுக்கும் குடிநீருக்கும் எப்படியும் தண்ணிய கீழ இறக்கித்தான் ஆகணும், அது இறங்குற வேகத்துலயே மெஷின சுத்த விட்டு கரண்ட் எடுத்துக்கிடுதாங்க, ஒரு சொட்டு குறையாம தண்ணி திரும்ப ஆத்துலயே வந்து விழுந்துடும். "எங்க ஆளுக தண்ணிய செலவு பண்ணல டே, அது விழுற உயரத்த மட்டும்தான் வாங்கிக்கிட்டோம்"னாங்க. முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்த மனுஷன், அத சொல்லும்போது முகத்துல ஒரு பெருமை.

அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1880கள்லயே ஹார்வி சகோதரர்கள் இந்த தண்ணி விழுற வேகத்த நம்பித்தான் விக்கிரமசிங்கபுரத்துல பஞ்சாலை வச்சாங்க.

பவர் ஹவுஸ தாண்டினா கொஞ்ச தூரத்துல தலையணை. பேரே அதான், தாமிரபரணியோட முதல் அணைக்கட்டு, கோடைமேலழகியான்னு ஏட்டுல இருக்கும். அதுக்கு கீழ நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியா ஸ்ரீவைகுண்டம், மொத்தம் எட்டு. 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல இந்த எட்ட நம்பி இருக்கு, எங்க பாளையங்கால்வாய் பழவூர்ல பிரியுது. ஆனா ஒண்ணு, இதெல்லாம் தண்ணிய கால்வாய்க்கு திருப்பி விடுற கட்டுதானே தவிர தேக்கி வைக்கிற அணை கிடையாது. 2023 டிசம்பர்ல மலைக்கு கீழ, சமவெளியில கொட்டின மழை அப்படியே ஆத்துலயும் ஊருக்குள்ளயும் பாஞ்சுது, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நடு வழியில மாட்டிகிச்சு. மேல எவ்வளவு பெரிய டேம் இருந்தாலும் அதுக்கு கீழ பெய்யுற மழைய அது என்ன பண்ண முடியும். 1992 நவம்பர் வெள்ளத்த சித்தப்பா இங்கயே இருந்து பாத்தவங்க, அத பத்தி நான் கேட்டப்ப ரெண்டு வார்த்தை சொன்னாங்க, அப்புறம் ஆத்தையே பாத்துகிட்டு உக்காந்துட்டாங்க, நானும் மேற்கொண்டு கேக்கல.

தலையணையில இறங்கி குளிச்சோம். ஜூன் வெயிலுக்கு அந்த தண்ணி அப்படி ஒரு குளிர்ச்சி, கொஞ்சம் முன்னாடி மெஷின சுத்தின தண்ணி, இனி கால்வாய்ல ஏறி வயலுக்கு போகப்போற தண்ணி, நடுவுல நம்ம தலைய நனைச்சுட்டு போகுது.

அம்பை வந்ததும் சிக்னல் கிடைச்சுது, போட்டோவ அப்பாவுக்கு அனுப்பினேன். ரெண்டே நிமிஷத்துல போன். மண்ணு எந்த பாறை வரைக்கும் தெரியுது, நடுவுல திட்டு ஏதும் தெரியுதான்னு கேட்டாங்க. அப்பாவும் சின்ன வயசுல தாத்தா கூட ஒரே ஒரு தடவை அங்க போயிருக்காங்களாம், எனக்கு அது அன்னைக்குதான் தெரியும். கொஞ்சம் யோசிச்சுட்டு தண்ணி இத்தன அடி நிக்கும்னு ஒரு கணக்கு சொன்னாங்க.

மறுநாள் காலைல பேப்பர் வந்ததும் நான்தான் மொத எடுத்து பாத்தேன். ஒன்றரை அடிதான் வித்தியாசம். அப்பாகிட்ட நீட்டினேன், கண்ணாடிய போட்டு பாத்துட்டு, "ராத்திரி மலையில மழை பெஞ்சிருக்கும்ல, அதான்"னாங்க.