எதைப் படிப்பது இருக்கட்டும், எதை விடுவது?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ப்ளஸ் டூ பிள்ளைகள் செய்கிற முதல் காரியம் டைம் டேபிள் போடுவதுதான். பாடத்துக்கு ஒரு கலர் ஸ்கெட்ச் பேனா, பீரோ கதவில் செல்லோ டேப், அட்டையின் முதல் வரியிலேயே "காலை 4 மணி – எழுதல்". ஜூலையில் போய்ப் பார்த்தால் அட்டை அப்படியே இருக்கும், பிள்ளை ஆறு மணிக்குத்தான் எழுந்திருக்கும். உடனே வீட்டில் "சொன்ன பேச்சைக் காப்பாத்தத் தெரியல, சோம்பேறி" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறவள், வருஷா வருஷம் இந்த அட்டைகளைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன், பெரும்பாலும் அது சோம்பேறித்தனம் இல்லை. அட்டையில் எழுதியிருக்கிற நேரம் அந்தப் பிள்ளையின் கையில் இருந்ததே இல்லை.

அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் டைம் டேபிள் கேட்கமாட்டேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிக் கொடுத்து, நேற்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன நடந்ததோ அதை மட்டும் எழுது என்பேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன். 5:30க்கு எழுந்து தண்ணீர் பிடித்தது. தம்பிக்கு டிபன் கட்டியது. 7:15 பஸ். 8:15க்கு ஸ்பெஷல் கிளாஸ். பள்ளிக்கூடம் முடிந்து மறுபடியும் ஸ்பெஷல் கிளாஸ், 5:15க்கு வெளியே வந்தால் முதல் பஸ்ஸில் ஏற முடியாது, அடுத்த பஸ். வீட்டுக்குள் நுழையும்போது 6:30. பாத்திரம், கடைக்குப் போய்வருதல், சாப்பாடு. 8 மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் மறுநாள் வைக்க வேண்டிய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு. 9:30 வரைக்கும் ரெக்கார்டு, அப்புறம் கெமிஸ்ட்ரி ஸ்லிப் டெஸ்டுக்கு அரை மணி நேரம், தூக்கம்.

தாளைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள், "மிஸ், அப்போ நான் நேத்து படிச்சதே அரை மணி நேரம்தானா?"

ஆமாம், அவ்வளவுதான். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அவள் பீரோ அட்டையில் தினமும் ஐந்து மணி நேரம் படிப்பு இருந்தது, அது நடக்காத ஒவ்வொரு நாளும் தன்னால் ஆகாது என்று அவளுக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தபோது, ரெக்கார்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி, தண்ணீர் பிடிக்கிற வேலையை தம்பிக்கு மாற்றினால் (இதற்கு அவள் அம்மாவிடம் நானே பேச வேண்டியிருந்தது, "அவன் சின்னப் பையன் டீச்சர்" என்றார்கள், அவன் ஒன்பதாவது படிக்கிறான்) தினமும் இரண்டு மணி நேரம் தேறியது. இரண்டு மணி நேரம் கம்மிதான். ஆனால் அது உண்மையான இரண்டு மணி நேரம்.

போடுகிற கணக்கு எல்லோருக்குமே தப்பத்தான் செய்யும், பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1994இல் கனடாவில் சில உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களிடம், உங்கள் ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது, முடிக்க ஆனது 55 நாளுக்கு மேல். அதிலும் தாங்களே சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் என்று பிள்ளை சொன்னால் நான் ஒன்றரை வாரம் என்று எழுதிக்கொள்வேன். மிச்சம் வந்தால் ரிவிஷனுக்கு ஆச்சு.

நேரம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எது முக்கியம் என்ற பேச்சே. "எல்லாப் பாடமும் முக்கியம்" என்று மேடையில் பேசுவது சுலபம். இரண்டு மணி நேரத்தை ஆறு பாடத்துக்குச் சமமாகப் பிரித்தால் பாடத்துக்கு 20 நிமிஷம், அதில் ஒன்றும் ஆகாது. எதையாவது கீழே வைத்தே ஆக வேண்டும், எதை என்பது அந்தப் பிள்ளை எங்கே போக நினைக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை யாரும் பிள்ளைகளிடம் உடைத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இன்ஜினியரிங் என்றால் கட்-ஆஃப் 200க்கு. கணக்கில் எடுத்த மார்க் அப்படியே 100க்கு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதியாகி 50, 50. அதாவது கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒரு மார்க் போச்சு, பிசிக்ஸில் ஒரு மார்க் போனால் அரை மார்க்தான். தமிழும் இங்கிலீஷும் அந்தக் கணக்கிலேயே வராது. மெடிக்கல் என்றால் கதையே வேறு, சீட்டைத் தீர்மானிப்பது நீட் ரேங்க், ப்ளஸ் டூ மார்க் தகுதிக்கு மட்டும். அரசு கலை அறிவியல் கல்லூரி என்றால் நாலு முதன்மைப் பாடங்களின் 400, ஆனால் பி.ஏ. தமிழ் கேட்டால் தமிழ் மார்க்தான் பேசும். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மூன்று பேருக்கு மூன்று விதமான வரிசை வேண்டும். பள்ளிக்கூடம் எல்லோருக்கும் ஒரே வரிசையைத்தான் கொடுக்க முடியும், அதைத் தப்பென்று சொல்லமாட்டேன், அவர்களுக்கு 600க்கு எத்தனை என்பதும் தேர்ச்சி சதவீதமும்தான் கேள்வி. பிள்ளைக்கு வேண்டியதை வீட்டில் யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு அப்பா, "அப்போ தமிழை விட்டுடச் சொல்றீங்களா?" என்பார். விடச் சொல்லவில்லை. 75 வாங்குகிற தமிழை 95 ஆக்க என்ன உழைப்பு வேண்டுமோ, அதை இந்த வருஷம் அங்கே போடாதே என்கிறேன். மனப்பாடப் பாட்டும் குறளும் பஸ்ஸில் ஆகட்டும். இந்த அளவுக்குக்கூட விட்டுக்கொடுக்க மனசு வராத வீடுகளில்தான் பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து எதையும் முழுசாகப் படிக்காமல் எழுந்திருக்கிறது.

ஒரு பாடத்துக்குள்ளேயும் இதே பிரச்சினைதான். ப்ளஸ் டூ கணக்கில் 12 பாடம், இரண்டு புத்தகம். பிள்ளைகள் எல்லோரும் ஒன்றிலிருந்து வரிசையாக வருவார்கள். ஏழாவது பாடத்தில், வகை நுண்கணிதப் பயன்பாட்டில், வண்டி நின்றுவிடும், அது பெரிய பாடம். கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதம் ஜனவரியில் அவசர அவசரமாக நடக்கும், அதற்குள் பாதிப் பேர் "லாஸ்ட் சேப்டர்தானே மிஸ், விட்டுடலாம்" என்பார்கள். ஆனால் அந்தப் பாடத்துக்கு முந்தைய பதினொன்றில் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மெய்மை அட்டவணை (ஒரு கூற்று எப்போது சரி, எப்போது தப்பு என்று காட்டுகிற கட்டம்) போடத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது, ஒரு சுமாரான பிள்ளைகூட ஒரு வாரத்தில் முடித்துவிடும். அதனால் நான் முதல் பாடமான அணிகளை (மேட்ரிக்ஸ்) முடித்த கையோடு பன்னிரண்டாவது பாடத்துக்குத் தாவிவிடுவேன். ஆகஸ்டிலேயே இரண்டு பாடம் கையில் சுத்தமாக இருக்கிறது என்ற தெம்பு வேறு. அது இருந்தால் ஏழாவதில் மாட்டிக்கொண்டாலும் பிள்ளை பயப்படாது.

அவசரம், முக்கியம் என்று நாலு கட்டம் போட்டு, முன்னாள் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பெயரில் கருத்தரங்குகளில் காட்டுவார்களே, அதைப் பிள்ளைகளுக்கு அப்படியே காட்டினால் தலையாட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் ரெக்கார்டு நோட்டு, இம்போசிஷன், நாளைக் காலை ஸ்லிப் டெஸ்ட், இவையெல்லாம் ஒரு பக்கம், பப்ளிக் எக்ஸாம் இன்னொரு பக்கம் என்று எழுதிப் போட்டால் உடனே புரியும். நாளைக்குத் திட்டு விழுகிற வேலை எப்போதும் மார்ச்சில் மார்க் தருகிற வேலையை முந்திக்கொள்ளும். இதில் இடக்கு என்னவென்றால் ரெக்கார்டைத் தூக்கிப் போடவும் முடியாது. பிசிக்ஸ் மாதிரிப் பாடத்தில் 100இல் 20 பிராக்டிக்கல், 10 இன்டர்னல், எழுத்துத் தேர்வு 70க்குத்தான். அதனால் ரெக்கார்டுக்கு வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் கொடுக்காதே என்பேன். படத்துக்கு நிழல் தீட்டுவதற்கெல்லாம் யாரும் மார்க் போடுவதில்லை. பத்துத் தடவை இம்போசிஷன் எழுதச் சொல்வதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. இரண்டாவது தடவைக்குப் பிறகு கை மட்டும்தான் ஓடுகிறது.

அந்த விஷயத்துக்கே வருகிறேன். இருக்கிற இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது? பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது என்று நினைக்கின்றன. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். படித்த ஐந்து நிமிஷத்தில் கேட்டால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். நம் பிள்ளைகளுக்கு வேண்டியது ஐந்து நிமிஷ ஞாபகம் இல்லையே. நேரம் குறைவாக இருக்கிற பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். வாசிப்பது ஒரு தடவை, அப்புறம் புத்தகத்தை மூடி வெள்ளைத் தாளில் எழுதி, விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்த்தால் போதும். கணக்கில் தீர்த்துக் காட்டியிருக்கிற எடுத்துக்காட்டைப் பார்த்துத் தலையாட்டுவதும் வாசிப்புதான், படிப்பில் சேராது.

செல்போனைப் பற்றி நான் பேசவே மாட்டேனா என்று அம்மாக்கள் காத்திருப்பார்கள். பிடுங்கி வைப்பது நடைமுறையில் ஆகாது, ஏனென்றால் ஹோம் வொர்க், டெஸ்ட் போர்ஷன், நாளைக்கு லீவா இல்லையா என்பது வரைக்கும் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. அம்மா போனில் அந்த குரூப்பைச் சேர்த்து, அம்மாவே பார்த்து வாயால் சொன்னால் முடிந்தது. சில வீடுகளில் செய்கிறார்கள், நன்றாகவே நடக்கிறது. மற்றபடி அப்பா ஹாலில் உட்கார்ந்து சத்தமாக ரீல்ஸ் பார்த்துக்கொண்டே "போனைத் தொடாதே" என்றால் எந்தப் பிள்ளைதான் கேட்கும்?

மாதக் கணக்கும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மார்ச்சில் பப்ளிக் என்றால் பிப்ரவரியில் பாதி பிராக்டிக்கலுக்குப் போய்விடும், ஜனவரியிலிருந்து ரிவிஷன் டெஸ்டுகள் அடுக்கடுக்காக வரும், டிசம்பரில் அரையாண்டு. புதிதாக ஒரு பாடத்தை நிதானமாகப் படிக்கக் கிடைப்பது நவம்பர் வரைக்கும்தான். "அரையாண்டு முடியட்டும், அப்புறம் உட்கார்ந்து படிக்கிறேன்" என்கிற பிள்ளைக்கு இதைக் காலண்டரைத் திருப்பிக் காட்டினால் முகம் மாறும். அதே மாதிரி காலாண்டு, அரையாண்டு லீவில் முழுப் புத்தகத்தையும் முடிப்பேன் என்று கிளம்புவதும் வேண்டாம். எந்த மூன்று பாடம் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

தேர்வு அறையிலும் முன்னுரிமை வேலை செய்யும். கணக்குத் தாள் 90 மார்க், மூன்று மணி நேரம், அதாவது ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிஷம். ஐந்து மார்க் கணக்குக்குப் பத்து நிமிஷம், பதினொன்றாவது நிமிஷம் இன்னொரு கேள்வியிலிருந்து திருடியது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டும், விடை வரவில்லையே என்று ஒரே கணக்கில் 25 நிமிஷம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். 20 ஒரு மார்க் கேள்விகளைக் கால் மணி நேரத்தில் முடித்தால் அங்கேயே 25 நிமிஷம் மிச்சம், முட்டுவதற்கு அதை வைத்துக்கொள்ளட்டும். கேள்வித்தாள் வாசிக்க என்று தருகிற முதல் பத்து நிமிஷத்தில் இரண்டு மார்க், மூன்று மார்க் பகுதியில் பத்தில் எந்த ஏழு என்று முடிவு செய்துவிட வேண்டும் (அதில் ஒன்று கம்பல்சரி, அதைப் பார்க்காமல் ஏழு எழுதிவிட்டு வருகிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்றாவது உண்டு). நீட்டில் இன்னும் கறார், 180 கேள்விக்கு 180 நிமிஷம், தப்புக்கு ஒரு மார்க் கழியும். பயாலஜியின் 90 கேள்வியை 50 நிமிஷத்துக்குள் முடிக்கப் பழகினால்தான் பிசிக்ஸில் பேனா ஓடும்.

இதையெல்லாம் ஜனவரியிலிருந்து கடிகாரத்தை மேஜையில் வைத்து வீட்டிலேயே எழுதிப் பழக்கலாம். அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார வேண்டியதுகூட இல்லை. அந்த மூன்று மணி நேரம் கடைக்குப் போ, கேஸ்காரர் வந்தால் பார் என்று கூப்பிடாமல் இருந்தால் போதும்.