மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்தபோது

மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபின், அது எதனால் வந்தது என்று மருத்துவர்களைவிட உறவினர்கள்தான் அதிகம் கேட்டார்கள். கர்ப்ப காலத்தில் நான் வேலைக்குப் போனது, கைப்பேசி, தடுப்பூசி, சொந்தத்தில் திருமணம் என ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரண்டாவது குழந்தை பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்ததால், மருத்துவரின் பரிந்துரையோடு மரபணு ஆலோசனைக்குச் சென்றோம்.

முதல் சந்திப்பில் இரத்தம் எடுக்கவில்லை. ஆலோசகர் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தை எங்கள் முன்பே வரைந்தார்: ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். என் கணவர் எனக்கு அத்தை மகன் என்பதால் எங்கள் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டார். பேச்சுத் தாமதம், வலிப்பு, கருச்சிதைவு, சிறு வயதில் இறந்துபோன குழந்தைகள் என அவர் கேட்ட பலவற்றுக்கு எங்களிடம் விடை இல்லாததால், அங்கிருந்தபடியே என் அம்மாவிடமும் அத்தையிடமும் தொலைபேசியில் விசாரித்துச் சொன்னோம். போகிறவர்கள் இவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே கேட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது. பிரசவத்தின்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் தேவைப்படும். குறைப்பிரசவமா, பிறந்த எடை என்ன, கர்ப்பத்தில் ருபெல்லா என்ற அம்மை வந்ததா, என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் மருந்தைக் கர்ப்பிணி உட்கொண்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று டென்மார்க்கில் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்காக மருத்துவரைக் கேட்காமல் யாரும் அந்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

தடுப்பூசி பற்றி நானே கேட்டேன். சந்தேகத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது என்றும், அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது என்றும், டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வில் எந்தத் தொடர்பும் தென்படவில்லை என்றும் பொறுமையாக விளக்கினார்.

பிறகு இரண்டு பரிசோதனைகளுக்கு இரத்தம் எடுத்தார்கள். குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று மைக்ரோஅரே பார்க்கிறது. எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு மாற்றத்தால் வரும் ஃப்ராஜைல் எக்ஸ் குறைபாடு அதில் தெரியாது என்பதால் அதைத் தனியாகச் செய்ய வேண்டும். இரண்டிலும் ஒன்றும் தென்படவில்லை. அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா என்று என் கணவர் கேட்டார். அப்படிப் பொருள்கொள்ளக் கூடாது, பெரும்பாலான குழந்தைகளிடம் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே வேலை செய்கின்றன, அவற்றை இந்தப் பரிசோதனைகளால் காட்ட முடியாது என்றார் ஆலோசகர். ஐந்து நாடுகளின் தரவுகளை வைத்து 2019இல் செய்த கணக்கீட்டில், மக்களிடையே ஆட்டிசம் வருவதில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபுவழிப்பட்டது என்று தெரியவந்திருக்கிறது. எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்ட எண் வேறு: மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வர ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதைச் சொன்னவர், முடிவை எங்களிடமே விட்டுவிட்டார்.

அறிக்கைக்காகக் காத்திருந்த நாட்களிலும் மகனின் ஸ்பீச் தெரபியை நாங்கள் நிறுத்தவில்லை. சில ஆண்டுகள் கழித்து, மரபணுக்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளை மொத்தமாகப் படித்துப் பார்க்கும் எக்ஸோம் பரிசோதனை செய்துபார்க்கலாம் என்றிருக்கிறார்கள். குடும்ப வரைபடத்தின் நகலை அதற்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.