உழுந்துச் சிங்கமும் புளியங்கொட்டை யானையும்

நேற்றுக் காலை எழும்பிப் பார்த்தால் என் மிருகக்காட்சிச்சாலையில் யானைகளைத் தவிர ஒரு மிருகமும் இல்லை. எலி. இரண்டு கிழமையாகப் பூதக்கண்ணாடி வைத்து ஒட்டிய சிங்கம், புலி, மான் எல்லாம் உழுந்தும் பயறும்தான், அவ்வளவையும் ஒரே இரவில் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. யானைகள் புளியங்கொட்டை என்பதால் தப்பின.

முதலில் இருந்து சொல்கிறேன். நான் செய்துகொண்டிருப்பது மெட்ராசின் பழைய மிருகக்காட்சிச்சாலையின் மாதிரி. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கொழும்புப் பக்கத்துத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையை விட்டுவிட்டு ஏன் மெட்ராஸ் என்று வீட்டிலேயே கேட்டார்கள். காரணம் பெரியப்பா. ராமானுஜம் என்ற கப்பலில் ராமேஸ்வரம் போய் அங்கிருந்து ரயில் ஏறி மெட்ராசில் படித்த ஆள். அவர் அதை ஒருநாளும் மிருகக்காட்சிச்சாலை என்று சொன்னதில்லை. “அது உயிர்க் காலேஜ் எல்லோ தம்பி, மியூசியம்தான் செத்த காலேஜ்” என்பார். கனகாலம் இதை அவருடைய சொந்தப் பகிடி என்றே நினைத்திருந்தேன். பிறகு தேடிப் பார்த்தால் மெட்ராஸ் சனம் முழுக்க அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அந்த மியூசியம் 1851இல் தொடங்கியபோது இருந்தது கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில், பெயரில் காலேஜ் ஒட்டிக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். உயிர்க் காலேஜும் பிறந்தது மியூசியத்தின் வளவுக்குள்தான். மியூசியத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் கர்நாடக நவாபிடம் (ஆற்காட்டு நவாப்தான்) பேசி அவருடைய மிருகங்களை வாங்கி 1855இல் தொடங்கினார், அடுத்த வருசமே முந்நூறுக்கு மேல். பார்க்க வந்த கூட்டம் தாங்காமல், 1860களின் தொடக்கத்தில் நகராட்சியின் கையில் கொடுத்து, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு மூலைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தப் பார்க் 116 ஏக்கர். நான் முதலில் நூறில் ஒன்று என்று அளவு வைத்துக் கணக்குப் போட்டேன், ஒரு பக்கம் ஏழு மீற்றர் கிட்ட வருகிறது, எங்கள் ஹோலே அவ்வளவு இல்லை. ஐந்நூறில் ஒன்று என்றால் எட்டடிக்கு நாலடிப் பலகையில் ஐந்தடி வெட்டினால் போதும். (பார்க்கின் வடிவம் நீள்சதுரம் இல்லை, ஓரத்தை அரிந்து ஒட்டியது தனிக் கூத்து.) பார்க்குக்குள் பதினொரு குளம், பாண்ட் வாசிக்கும் மேடை, பொதுக் குளிப்பிடம், ஐந்தரை மைல் பாதை. அந்தப் பாதை என் அளவில் பதினெட்டு மீற்றர் வருகிறது! மண்கடதாசியைக் கீலங்கீலமாக வெட்டியே கை பொக்களித்துவிட்டது.

கூடுகளுக்குக் கம்பியாக விளக்குமாற்று ஈர்க்கைச் சீவி நட்டேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது, கணக்குப் பார்க்கும்வரை. ஒரு மில்லிமீற்றர் ஈர்க்கு உண்மையில் அரை மீற்றர், அதாவது சிங்கத்தைப் பனங்குற்றி நட்டு அடைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பழைய நுளம்பு வலையை வெட்டி ஒட்டினேன். அதுவும் கணக்குக்குச் சரிவராதுதான், வலைக் கண் ஒவ்வொன்றாலும் மான் வெளியே வந்துவிடும், ஆனால் கண்ணுக்குக் கூடு மாதிரித் தெரிகிறது. மாதிரி செய்கிறவன் கணக்கை விடக் கண்ணைத்தான் நம்ப வேண்டும், இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இடத்தைப் போய்ப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். போன வருசம் பலாலியில் இருந்து சென்னைக்கு வேறு அலுவலாகப் போனபோது ஒரு காலைப்பொழுதை இதற்கென்று ஒதுக்கினேன். “சென்ட்ரலில இறங்கி ஒரு சிகரெட் பத்தி முடியிறதுக்குள்ள உயிர்க் காலேஜ் வந்திடும்” என்பது பெரியப்பாவின் வழிகாட்டல். நான் சிகரெட் பிடிப்பதில்லை, போனில் நேரம் பார்த்தேன், ரிப்பன் கட்டட வாசலுக்கு ஆறு நிமிடம். அதற்குப் பின்னால் மை லேடீஸ் பார்க், அதற்கும் பின்னால் நேரு ஸ்டேடியம். பாழடைந்த கூடு, துருப்பிடித்த கம்பி, ஆலமரம் விழுங்கிய சுவர் என்று மனதுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன், ஒன்றும் இல்லை. பக்கத்தில் மூர் மார்க்கெட் என்ற பழைய சந்தை இருந்த இடத்தில் மின்சார ரயில் நிலையம். அந்த மார்க்கெட் எரிந்தது 1985 மே 30, உயிர்க் காலேஜுக்குப் பதிலாக வண்டலூரில் புதிய பூங்கா திறந்தது அதே வருசம் ஜூலை 24. இரண்டு மாதம்கூட இடைவெளி இல்லை. பெரியப்பாவின் மெட்ராஸ் அந்த இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது, அவருக்கு அது தெரியவே கனகாலம் எடுத்தது, இங்கே அப்போது இருந்த நிலைமை அப்படி.

இடம் மாறியதில் பிழை சொல்ல ஏலாது. எழுபதுகளிலேயே இடம் போதவில்லை, சுற்றிவர வாகன இரைச்சலும் புகையும். வண்டலூரில் தொடக்கத்தில் ஒதுக்கியது 1,265 ஏக்கர். அதையும் இதே அளவில் செய்தால் நாலரை மீற்றர்ப் பலகை வேண்டும், அந்தப் பக்கமே நான் போகப்போவதில்லை.

இப்போதைய நிலவரம்: பாதை முடிந்தது, கூடுகள் முக்கால்வாசி. உழுந்துக்குப் பதிலாகப் பாசிமணி வாங்கி வைத்திருக்கிறேன், எலி என்ன செய்கிறது என்று பார்ப்போம். சிங்கக்கூட்டை இரண்டாம் தரமாகப் பெயர்க்க வேண்டியிருக்கிறது, பெரியப்பா கதிரையில் இருந்தபடியே “உங்க இல்லை, அங்கால, அங்கால” என்று கைத்தடியால் காட்டுகிறார். பதினொரு குளத்தில் எட்டுக்கு வார்னிஷ் ஊற்றியாயிற்று, மழைக்காலம் என்பதால் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எட்டாவது குளத்தில் ஒரு கட்டெறும்பு விழுந்து கிடக்கிறது. அளந்து பார்த்தேன், எட்டு மில்லிமீற்றர், அதாவது நாலு மீற்றர். முதலைக்குச் சரியான அளவு என்றபடியால் எடுக்கவில்லை.