ஈஎக்ஸ்ஈ ஆக்கப்பட்ட பேட்ச் நிரலை மீட்பது

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமாவிடம், கணக்குகளை இரவில் நகலெடுக்கும் பேட்ச் நிரல் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய உரைக் கோப்பு), நேரடியாக இயங்கும் ஈஎக்ஸ்ஈ கோப்பாக மாற்றப்பட்ட வடிவில் மட்டுமே இருந்தது. எழுதித் தந்தவர் இப்போது தொடர்பில் இல்லை.

பேட்ச் நிரலை இப்படி ஈஎக்ஸ்ஈ ஆக்கும் மாற்றி மென்பொருள்களில் பல, அதை இயந்திர மொழிக்கு மாற்றுவதே இல்லை. உள்ளே பொதிந்து வைத்து, இயக்கும்போது டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறையில் விரித்து, கட்டளைகளை இயக்கும் விண்டோஸ் நிரலான சிஎம்டியிடம் ஒப்படைக்கின்றன. சிஎம்டி வெறும் உரையைத்தான் வாசிக்கும் என்பதால், எவ்வளவு மறைத்திருந்தாலும் நிரல் அங்கே வெளிப்பட்டே ஆக வேண்டும். விண்டோஸுடன் வரும் ஐஎக்ஸ்பிரஸ் என்ற பொதிக்கும் கருவியில் செய்ததென்றால் இந்தப் பாடுகூட வேண்டாம், சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் 7-ஜிப்பே திறந்துவிடும்.

மாமாவின் கோப்பு அப்படித் திறக்கவில்லை. இணையம் துண்டித்த மெய்நிகர் கணினியில் அதை ஓடவிட்டு, நிரல்கள் எந்தக் கோப்பைத் தொடுகின்றன என்று காட்டும் பிராசஸ் மானிட்டரில் கவனித்தபோது, டெம்பில் ஒரு பேட் கோப்பு (பேட்ச் நிரலின் கோப்பு) தோன்றி, வேலை முடிந்ததும் அழிக்கப்படுவது தெரிந்தது. அந்தக் கோப்புறையில் அழிக்கும் அனுமதியை மறுத்துவிட்டு மீண்டும் இயக்கினேன், கோப்பு தங்கிவிட்டது. நகலெடுக்கும் எக்ஸ்காப்பி கட்டளை வரிகள், எழுதியவர் தனக்காக ரெம் என்று தொடங்கி எழுதிய குறிப்புகள், கணக்கு மென்பொருளின் கடவுச்சொல் உட்பட எல்லாம் அப்படியே இருந்தன. கடவுச்சொல்லை இப்படி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதாக நம்புவது பெரிய ஆபத்து. மாமாவிடம் அதை உடனே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.